களவுபோன காரைத் திரும்பப் பெறுதல்

களவுபோன காரைத் திரும்பப் பெறுதல் என்பது, திருடப்பட்ட கார் இருக்கும் இடம் தெரியவந்தது முதல் அது சட்டப்படி உரிமையாளரின் கைக்கு வந்து சேரும் வரையிலான நடைமுறைகளைக் குறிக்கும். இந்தியாவில் இதற்காகக் காவல் நிலையம், நீதித்துறை நடுவர் நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆகிய நான்கு இடங்களை அணுக வேண்டியுள்ளது. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டில் உள்ள வழக்கத்தையும் ஒட்டி எழுதப்பட்டது.

கார் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும், அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் கைப்பற்றப்பட்ட கார் ஒரு குற்ற வழக்கின் சான்றுப்பொருளாகிவிடுகிறது. இதனை 'வழக்குச் சொத்து' என்பர். உரிமை மாறுவதில்லை, பொறுப்பு மட்டும் சட்டத்தின் கைக்குச் செல்கிறது. எனவே காரைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி வேலை. நீதிமன்றத்தில் மனுச் செய்து அதனைப் பெறுவது மறு பாதி. இந்த இரண்டாவது பாதியை அறியாமல் காத்திருப்பவர்களின் கார்கள், காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்து, ஓடாத நிலைக்கு வந்துவிடுவதுண்டு.

கார் கிடைக்கும் விதங்கள்

பொதுவாக மூன்று விதங்களில் கார் இருக்கும் இடம் தெரியவருகிறது.

1. உரிமையாளரோ அவருக்குத் தெரிந்தவரோ காரைத் தெருவில், பழுதுபார்க்கும் பட்டறையில் அல்லது பழைய கார் விற்குமிடத்தில் நேரில் காண்பது.
2. காரில் பொருத்தியுள்ள ஜி.பி.எஸ். கருவி, காரின் செயலி அல்லது ஃபாஸ்டாக் வழியாகச் சுங்கச்சாவடியில் பிடிக்கப்பட்ட கட்டணச் செய்தி மூலம் இடம் தெரிவது.
3. வாகனத் தணிக்கையிலோ, பிடிபட்டவரின் வாக்குமூலத்தைத் தொடர்ந்தோ காவல்துறையே காரைக் கண்டுபிடிப்பது.

சில நேரங்களில் திருட்டே நடந்திருக்காது. நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றதால் போக்குவரத்துக் காவலர்கள் இழுத்துச் சென்றிருக்கலாம்; தவணை பாக்கிக்காகக் கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துச் சென்றிருக்கலாம். அத்தகைய நிலையில் அபராதம் செலுத்துவதோ கடன் கணக்கைத் தீர்ப்பதோதான் வழி. அதற்குள் திருட்டுப் புகார் கொடுத்திருந்தால், உண்மையை உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

இடம் உரிமையாளருக்குத் தெரியவந்தால்

தன் கார்தானே என்று மாற்றுச் சாவியுடன் நேரே சென்று எடுத்து வருவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அது பல காரணங்களால் தவறான வழியாகும்.

முதலாவது, உயிருக்கு ஆபத்து. காருக்கு அருகில் இருப்பவர் யார், எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து தெரியாது.

இரண்டாவது, தடயங்கள் அழியும். ஸ்டீயரிங், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஆகியவற்றில் உள்ள கைரேகைகளும், உள்ளே கிடக்கும் ரசீதுகளும் திருடியவரை அடையாளம் காட்டக்கூடியவை. உரிமையாளர் ஏறி ஓட்டிவிட்டால் அவை கலைந்துவிடும்.

மூன்றாவது, காரை வைத்திருப்பவர் திருடனாக இல்லாமல், விவரம் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவராக இருக்கலாம். அவர் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தால், அவரே தன் கார் திருட்டுப் போனதாகப் புகார் கொடுக்க நேரும்.

நான்காவது, காவல்துறையின் பதிவேடுகளில் அந்தக் கார் 'களவுபோனது' என்றே இருக்கும். சில மாதங்கள் கழித்து வெளியூர்ச் சோதனைச் சாவடி ஒன்றில், உரிமையாளர் தன் குடும்பத்துடன் செல்லும்போதே நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படலாம்.

எனவே செய்ய வேண்டியவை இவை:

1. காரை நெருங்காமல், பாதுகாப்பான தொலைவிலிருந்து எண், நிறம், நிற்கும் இடம், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல். முடிந்தால் நேரத்துடன் கூடிய புகைப்படம் எடுத்தல்.
2. 112 என்ற அவசர எண்ணுக்கோ அப்பகுதிக் காவல் நிலையத்துக்கோ தகவல் கூறி, முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் அது பதிவான காவல் நிலையத்தின் பெயரையும் சொல்லுதல்.
3. வழக்கைப் பதிவு செய்த காவல் நிலையத்தின் விசாரணை அதிகாரிக்கும் உடனே தெரிவித்தல்.
4. ஜி.பி.எஸ். மூலம் இடம் தெரிந்தால், அந்த நகர்வுப் பதிவை அழிக்காமல் வைத்திருந்து காவலர்களிடம் காட்டுதல். செயலி வழியே எஞ்சினை நிறுத்தும் வசதி இருந்தாலும், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அதனைப் பயன்படுத்தாதிருத்தல். சாலையில் செல்லும் பிறருக்கு அதனால் விபத்து நேரலாம்.
5. சமூக ஊடகங்களில் காரின் இருப்பிடத்தை வெளியிடாதிருத்தல். வைத்திருப்பவர் அதனைப் பார்த்துவிட்டு இடம் மாற்றிவிடுவார்.

முதல் தகவல் அறிக்கையின் தேவை

காரைத் திரும்பப் பெறும் ஒவ்வொரு படியிலும் கேட்கப்படும் ஆவணம் முதல் தகவல் அறிக்கையாகும். தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பலருக்கு முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது மட்டுமே. புகார் பெறப்பட்டது என்பதற்கு அது சான்று. வழக்குப் பதிவானதற்குச் சான்று அன்று. மனு ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று இருந்துவிடுவோர் உண்டு. கார் கிடைத்த பிறகும், காப்பீடு கோரும்போதும் இதனால் சிக்கல் எழுகிறது.

2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023 நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 173ஆம் பிரிவு பின்வருவனவற்றைக் கூறுகிறது.

- குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம்.
- மின்னணு வழியிலும் தகவல் அளிக்கலாம். ஆனால் 3 நாட்களுக்குள் நேரில் கையொப்பம் இட வேண்டும்.
- முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும்.
- நிலையப் பொறுப்பு அதிகாரி பதிவு செய்ய மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதிலும் பயன் இல்லையெனில் நடுவரிடம் மனுச் செய்யலாம்.

விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 193ஆம் பிரிவு கூறுகிறது.

கைப்பற்றுதலும் அடையாளம் காணுதலும்

திருடப்பட்டது என்று ஐயப்படும் பொருளைக் கைப்பற்றும் அதிகாரத்தை 106ஆம் பிரிவு காவல்துறைக்கு அளிக்கிறது. கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னிலையில் 'மகஜர்' எழுதப்படும். காரின் நிலை, அதிலிருந்த பொருள்கள், இல்லாத பாகங்கள் ஆகியவை இதில் குறிக்கப்படும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று 105ஆம் பிரிவு கூறுகிறது. கைப்பற்றிய செய்தியை நடுவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

திருடப்பட்ட காரில் பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது நம்பர் பிளேட்டுதான். எனவே அடையாளம் காண்பதற்கு அதனை மட்டும் நம்ப முடியாது. உண்மையான அடையாளம் உலோகத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆகும். இன்றைய கார்களின் சேசிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழப்பம் வராதிருக்க, ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் பயன்படுத்தப்படுவதில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும், முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டப்படும் பதிவு வில்லையும் உள்ளன. இவையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சேசிஸ் எண் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எண்ணைப் பொறிக்கும்போது ஏற்படும் அழுத்தம் மேற்பரப்பில் மட்டுமன்றி அதற்குக் கீழேயுள்ள உலோகத்தின் அமைப்பையும் மாற்றிவிடுகிறது. மேற்பரப்பை மெருகேற்றி அமிலக் கலவை தடவும்போது, அழுத்தம் பெற்ற பகுதியும் பெறாத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிக்கப்படுவதால், அழிந்த எண் மங்கலாகத் தெரியும். தடய அறிவியல் ஆய்வகங்கள் இம்முறையைக் கையாள்கின்றன. எனினும், மிக ஆழமாகத் தோண்டி அழித்திருந்தால் எண்ணை மீட்க இயலாமல் போகலாம்.

உரிமையாளர் மட்டுமே அறிந்த அடையாளங்களும் இங்கே பயன்படும். கதவில் விழுந்த பழைய கீறல், மாற்றிய இருக்கை உறை, பட்டறையில் பாகம் மாற்றிய ரசீது, பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை விசாரணை அதிகாரியிடம் தர வேண்டும்.

எந்த நீதிமன்றம்?

கார் களவுபோன ஊரும் கிடைத்த ஊரும் வேறாக இருப்பது வழக்கம். மதுரையில் களவுபோன கார் ஓசூரில் வாகனத் தணிக்கையில் பிடிபட்டது எனக் கொள்வோம். முதல் தகவல் அறிக்கை மதுரையில் உள்ளது. கார் ஓசூரில் உள்ளது. ஓசூர்க் காவல்துறை காரைக் கைப்பற்றி அங்குள்ள நடுவருக்குத் தெரிவித்திருக்கும். பின்னர் மதுரைக் காவல்துறை அதனைத் தன் வழக்கிற்காகப் பெற்று மதுரை நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம்.

எனவே உரிமையாளர் முதலில் இரண்டு காவல் நிலையங்களிலும் கேட்டு அறிய வேண்டியவை: கார் எந்த வழக்கு எண்ணில் கைப்பற்றப்பட்டது, எந்த நடுவருக்குத் தெரிவிக்கப்பட்டது, நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா. இந்த மூன்றும் தெரிந்தால்தான் மனுவைச் சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும். தவறான நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைவது பலருக்கும் நேரும் துன்பமாகும்.

காரைக் கொண்டு கொள்ளை, கடத்தல் போன்ற வேறு குற்றம் நடந்திருந்தாலோ, விபத்து நேர்ந்திருந்தாலோ, அந்த வழக்கிலும் கார் சான்றுப்பொருளாகிவிடும். அப்போது அந்த நீதிமன்றத்திலும் மனுச் செய்ய வேண்டியிருக்கும். குற்றம் நடந்த நாளில் கார் தன் வசம் இல்லை என்பதற்கு, அதற்கு முந்தைய தேதியிட்ட முதல் தகவல் அறிக்கையே உரிமையாளரின் முதன்மைச் சான்று. புகாரைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடைக்காலப் பொறுப்பில் பெறும் மனு

வழக்கு முடியும் வரை கார் நீதிமன்றப் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. விசாரணைக் காலத்தில் அதனை உரியவரிடம் ஒப்படைக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் 497ஆம் பிரிவிலும், காவல்துறை கைப்பற்றியதாகத் தெரிவித்து நீதிமன்றத்தில் ஒப்படைக்காதிருந்தால் 503ஆம் பிரிவிலும் மனுச் செய்யப்படுகிறது. பழைய சட்டத்தில் இவை முறையே 451, 457ஆம் பிரிவுகளாக இருந்தன. பழைய தீர்ப்புகளில் அந்த எண்களே காணப்படும். கொண்டு செல்ல இயலாத அல்லது பாதுகாக்க இடமில்லாத பொருளை, பத்திரம் பெற்றுக்கொண்டு பொறுப்பில் ஒப்படைக்கக் காவல்துறைக்கே 106ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும் கார்களைப் பொறுத்தவரை நீதிமன்ற ஆணை பெற்று வரும்படி கூறுவதே வழக்கம்.

மனுவுடன் பொதுவாக இணைக்கப்படும் ஆவணங்கள்:

- முதல் தகவல் அறிக்கையின் நகல்
- ஆர்.சி. புத்தகம் அல்லது பதிவுச் சான்று அட்டை
- நடப்பிலுள்ள காப்பீட்டுச் சான்று
- உரிமையாளரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று
- கடன் இருந்தால் வங்கியின் கடிதம்
- உரிமையாளர் நேரில் வர இயலாவிடில் அதிகாரப் பத்திரம்

ஆர்.சி. புத்தகம் காரிலேயே இருந்து அதுவும் களவுபோயிருந்தால், அதனையும் புகாரில் குறிப்பிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 26ஆம் எண் படிவத்தில் நகல் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

மனு வந்ததும் நடுவர் காவல்துறையின் கருத்தைக் கேட்பார். மறுப்பு இல்லையெனில் நிபந்தனைகளுடன் ஒப்படைப்பு ஆணை வழங்குவார். காரின் மதிப்புக்கு ஏற்ற தொகைக்குப் பிணைப்பத்திரம் எழுதித் தருதல், ஜாமீன்தாரர் நிறுத்துதல், வழக்கு முடியும் வரை விற்காதிருத்தல், நிறத்தையும் அமைப்பையும் மாற்றாதிருத்தல், கேட்கும்போது நீதிமன்றத்தில் கொண்டு வந்து காட்டுதல் ஆகியவை வழக்கமான நிபந்தனைகள். இவற்றை மீறினால் பிணைத்தொகை பறிமுதலாகும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். இதற்கான உதவி எண் 15100 ஆகும்.

காலதாமதத்தைத் தடுக்கும் விதிகள்

காவல் நிலைய வளாகங்களில் வாகனங்கள் வீணாவது குறித்து உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபர் 1 அன்று 'சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் மாநிலம்' என்ற வழக்கில் முக்கியமான தீர்ப்பை அளித்தது. காவல் நிலையத்தில் இருந்த வழக்குச் சொத்துகளையே காவலர்கள் முறைகேடாக மாற்றிவிட்டனர் என்ற குற்றச்சாட்டிலிருந்து எழுந்த வழக்கு அது. கைப்பற்றிய வாகனங்களை நீண்ட காலம் காவல் நிலையத்தில் வைத்திருப்பதால் பயன் இல்லை. தகுந்த பிணையும் உறுதியும் பெற்றுக்கொண்டு நடுவர் உடனே ஆணை பிறப்பிக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் புகைப்படம் எடுத்து விரிவான குறிப்பு எழுதிக்கொண்டால் போதும் என்று அத்தீர்ப்பு கூறியது. யாரும் கோராத வாகனங்களை ஏலம் விடவும் அது வழிகாட்டியது.

2023ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நாள் கணக்கையும் வகுத்துள்ளது. 497ஆம் பிரிவின்படி, பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். புகைப்படம் எடுக்கப்பட வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் பொருளை ஒப்படைப்பது அல்லது வேறு வகையில் தீர்வு செய்வது குறித்து ஆணையிட வேண்டும். அந்தப் பட்டியலும் படங்களும் விசாரணையில் சான்றாக ஏற்கப்படும். எனவே 'வழக்கு முடிந்த பிறகு பார்க்கலாம்' என்று யாராவது கூறினால், உரிமையாளர் இந்தப் பிரிவையும் மேற்கண்ட தீர்ப்பையும் மனுவில் எடுத்துக்காட்டலாம். மனு தள்ளுபடியானால் அமர்வு நீதிமன்றத்தில் அல்லது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கோரலாம்.

காரை எடுக்கும் நாளில்

ஆணையின் நகலுடன் கார் நிற்கும் இடத்துக்குச் செல்லும்போது, அவசரப்பட்டு ஓட்டி வந்துவிடக் கூடாது.

1. நான்கு பக்கமும், உள்ளேயும், எஞ்சின் பகுதியிலும், டிக்கியிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டு மதிப்பீட்டாளர் இவற்றைக் கேட்பார்.
2. மகஜரில் எழுதியுள்ளதை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரி, ஸ்டெப்னி, டயர்கள், மியூசிக் சிஸ்டம் ஆகியவை இருக்கின்றனவா, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஏதேனும் குறைந்திருந்தால், ஒப்புகைச் சீட்டில் கையொப்பமிடும் முன்பே அதில் எழுதிவிட வேண்டும்.
3. தனக்குச் சொந்தமில்லாத பை, கைபேசி, கருவி, பொட்டலம் எதுவும் காரில் இருந்தால், தொடாமல் அங்கேயே காவலரிடம் காட்டி எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்தபின் கண்டெடுத்தால் விளக்கம் சொல்வது கடினம்.
4. நாள்பட நின்ற காரை உடனே கிளப்பக் கூடாது. பிரேக், எரிபொருள், எஞ்சின் ஆயில், எலி கடித்த வயர்கள் ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். மீட்பு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே பாதுகாப்பு.
5. காப்பீடு காலாவதியாகியிருந்தால், சாலையில் ஓட்டும் முன் புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இன்றி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.
6. பூட்டுகளை மாற்றிவிட வேண்டும். மின்னணுச் சாவியாக இருந்தால் பழைய சாவிகளைச் செயலிழக்கச் செய்து புதிதாகப் பதிய வேண்டும்.

காப்பீடு: கார் யாருக்குச் சொந்தம்?

கார் கிடைத்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்பது, இழப்பீடு வழங்கப்பட்டுவிட்டதா என்பதைப் பொறுத்தது.

இழப்பீடு வழங்கும் முன் கிடைத்தால், முழு இழப்புக்கான கோரிக்கை கைவிடப்படும். ஆனால் திருட்டின்போது ஏற்பட்ட சேதத்துக்கும், காணாமற்போன பாகங்களுக்கும் முழுமையான காப்பீடு வைத்திருப்பவர் இழப்பீடு கோரலாம். பழுதுபார்க்கும் முன் மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும். சொந்தச் செலவில் சரிசெய்துவிட்டுப் பின்னர்க் கேட்டால் கோரிக்கை பலவீனமாகும்.

பழுதுச் செலவு மிக அதிகமானால் முழு இழப்பாகவே கருதப்படும். இதற்கு அடிப்படை ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. நெடுங்காலமாக வழக்கிலுள்ள அட்டவணைப்படி, 2 ஆண்டுகள் கடந்து 3 ஆண்டுகளுக்கு மேற்படாத காருக்கு, தயாரிப்பாளரின் விற்பனை விலையில் 30 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். விலை 8,00,000 ரூபாய் எனில் காப்பீட்டு மதிப்பு 5,60,000 ரூபாய். பழுதுச் செலவு இதில் 75 விழுக்காட்டை, அதாவது 4,20,000 ரூபாயைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கொள்ளப்படும்.

இழப்பீடு வழங்கிய பின் கிடைத்தால், கார் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரியதாகிவிடுகிறது. இழப்பீடு பெறும்போது உரிமையாளர் தன் உரிமைகளை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்து, சாவிகளையும் ஒப்படைத்திருப்பார். எனவே இழப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு காரையும் எடுத்துக்கொள்வது முறையன்று. அது ஏமாற்றுதல் ஆகும். இந்நிலையில் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியது நிறுவனமே. அத்தகைய மனுக்களின் மீது சாதாரணமாக 30 நாட்களுக்குள் வாகனத்தை விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் பொதுக் காப்பீட்டு மன்றம் தொடர்ந்த வழக்கில் கூறியுள்ளது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், திருட்டுக்கோ சேதத்துக்கோ இழப்பீடு கிடையாது. அத்தகையோருக்குக் காரை விரைவாகத் திரும்பப் பெறுவது ஒன்றே வழி.

காவல்துறைக்கு உடனே புகார் கொடுத்து, நிறுவனத்துக்கு மட்டும் தாமதமாகத் தெரிவித்திருந்தால், அந்தத் தாமதத்தை மட்டுமே காரணமாகக் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடன் உள்ள கார்

கார் களவுபோனாலும் கடன் தவணை நிற்பதில்லை. தவணை தவறினால் வட்டியும் அபராதமும் கூடும். கடன் மதிப்பெண்ணும் குறையும். ஆகவே கார் களவுபோனதையும் கிடைத்ததையும் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு இருக்கும்வரை, காப்பீட்டுத் தொகை முதலில் கடன் பாக்கிக்கே செல்லும். காவல் நிலையத்தில் கார் நிற்கும் ஒவ்வொரு மாதமும், உரிமையாளர் பயன்படுத்தாத காருக்குத் தவணை கட்டுகிறார் என்பதே மனுவை விரைந்து தாக்கல் செய்ய வேண்டியதன் காரணம்.

விவரம் அறியாமல் வாங்கியவர்

பிடிபட்ட கார், பணம் கொடுத்து வாங்கிய ஒருவரிடம் இருப்பதுண்டு. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் பொது விதிப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருடனுக்குக் காரில் உரிமை இல்லை; ஆகவே அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. அவர் நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும் கார் உண்மையான உரிமையாளருக்கே செல்லும். குற்றவாளி தண்டிக்கப்படும்போது அவரிடமிருந்து பணம் கைப்பற்றப்பட்டிருந்தால், கார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டபின் அந்தப் பணத்திலிருந்து வாங்கியவருக்கு அவர் கொடுத்த விலைக்கு மேற்படாத தொகையை வழங்க 499ஆம் பிரிவு இடமளிக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவர் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உள்ளாவார்.

பழைய கார் வாங்குவோர், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் அந்த வாகனம் களவுப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதும், சேசிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்துடன் நேரில் ஒப்பிடுவதும் இத்தகைய இழப்பைத் தவிர்க்கும்.

பதிவேடுகளைச் சரிசெய்தல்

கார் வீடு வந்து சேர்ந்த பிறகும் சில வேலைகள் எஞ்சியிருக்கும்.

- களவுபோன வாகனங்களின் பட்டியலிலிருந்து காரின் எண்ணை நீக்கும்படி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டல்.
- வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவில் தடைக் குறிப்பு இருந்தால், நீதிமன்ற ஆணையைக் காட்டி நீக்கச் செய்தல்.
- களவுபோன நாள்களில் விதிக்கப்பட்ட இ-செலான் அபராதங்களை, முதல் தகவல் அறிக்கையையும் கைப்பற்றிய தேதியையும் காட்டி மறுத்தல்.
- ஃபாஸ்டாக் கணக்கில் அந்நாள்களின் சுங்கக் கட்டணப் பதிவுகளை எடுத்துக் காவல்துறைக்குக் கொடுத்தல். அவை கார் சென்ற வழியைக் காட்டும் சான்றுகள்.
- நம்பர் பிளேட்டு மாற்றப்பட்டிருந்தால் புதிய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டு பெறுதல்.
- ஒப்படைப்பு ஆணையின் நகலை வழக்கு முடியும் வரை காரிலேயே வைத்திருத்தல். வழியில் யாரேனும் நிறுத்தி விசாரித்தால் அது துணை நிற்கும்.

வழக்கு விசாரணையும் இறுதி ஆணையும்

திருட்டுக் குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோருக்குக் குறைந்தது ஓராண்டும் அதிகமாக 5 ஆண்டுகளும் கடுங்காவல் தண்டனையும் அபராதமும் உண்டு.

விசாரணையின்போது உரிமையாளர் சாட்சியாக அழைக்கப்படுவார். கார் தன்னுடையது, தன் அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்று அவர் கூறினால்தான் வழக்கு நிலைக்கும். கார் கிடைத்துவிட்டதே என்று சாட்சி சொல்ல வராமல் இருந்துவிட்டால், திருடியவர் விடுதலையாகவும் வாய்ப்பு உண்டு. சம்மன் வந்தும் வராதவருக்கு நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கலாம்.

வழக்கு முடியும்போது 498ஆம் பிரிவின்படி காரைப் பற்றிய இறுதி ஆணை வழங்கப்படும். அதுவரை உரிமையாளரிடம் இருப்பது இடைக்காலப் பொறுப்பு மட்டுமே. இறுதி ஆணைக்குப் பின்னரே பிணைப்பத்திரம் நீங்கி, காரை விற்கவும் மாற்றி அமைக்கவும் முழு உரிமை திரும்பும். இடையில் விற்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், நீதிமன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.